கொளத்தூரில் தொட்டி, செங்குன்றத்தில் மீன்

கொளத்தூர் நெருங்கிவிட்டது என்பதைப் பாலிதீன் கவர்கள் சொல்லிவிடும். காற்று நிரப்பி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய கவர்கள் கடை வாசல் கம்பிகளில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு அளவுத் தண்ணீர், அதில் இரண்டு மூன்று மீன்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்குகளும் குடும்பங்களும் மொத்த வியாபாரிகளின் தெர்மாகோல் பெட்டிகளுமாகத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

வடசென்னையின் இந்தப் பகுதி பல பத்தாண்டுகளாக வண்ண மீன்களை வைத்தே பிழைக்கிறது. ரெட்டேரி பக்கத்திலேயே இருப்பதால் ஒரு காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் கிடைத்த பூமி. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, குடும்பமே உட்கார்ந்து குஞ்சு பிரித்து வளர்த்த தெருக்கள் இங்கே இருந்தன. நகரம் நெருக்க நெருக்க, வளர்ப்பவர்களில் பலர் செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கடைகள் மட்டும் கொளத்தூரிலேயே தங்கிவிட்டன.

நான் அங்கே போனது அண்ணன் பிள்ளைகளுக்காக. அவர்கள் வீடு திருவள்ளூரில். பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. மாடியில் புதிதாகக் கட்டிய அறை இருவருக்கும் என்று ஆனதும், அதில் ஒரு மீன் தொட்டி வேண்டும் என்று கேட்டார்கள். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். மீன் தொட்டி என்பது கண்ணாடிக்குள் நாளெல்லாம் நடக்கும் வேதியியல் என்பதால், தொட்டி வாங்கித் தருவது என் பொறுப்பு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். திருவள்ளூரில் லோக்கல் ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம்.

முதல் கடையிலேயே பிள்ளைகளைப் பார்த்ததும் கடைக்காரர் கையில் எடுத்தது வட்டக் கண்ணாடிக் கிண்ணம். "பாப்பாவுக்கா மேடம்? இது செட்டாவே வரும். பவுலு, கலர் கல்லு, பிளாஸ்டிக் செடி, ரெண்டு கோல்ட் ஃபிஷ், ஒரு டப்பா ஃபுட்டு. டேபிள் மேல வெச்சா அழகா இருக்கும்." சின்னவன் கையை நீட்டிவிட்டான். அவன் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கிண்ணத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டேன். மூன்று லிட்டர்.

தங்கமீன் கெண்டை இனத்தின் உறவு. கவரில் விரல் நீளத்தில் மின்னுகிற அதே மீன், நல்ல இடத்தில் வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். குளிர்ந்த தண்ணீரை விரும்பும். நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அதை மூன்று லிட்டரில், வடிகட்டி இல்லாமல், சென்னை வெயிலில் வைத்தால் என்ன நடக்கும் என்பது கொளத்தூரில் எல்லாருக்கும் தெரியும். வாங்கிப் போனவர்கள் பத்து நாளில் வேறு ஜோடி கேட்டு வருவார்கள். அந்தப் பத்து நாளும் அந்த மீன் தன் கழிவிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்பதை அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. கிண்ணத்தில் தங்கமீன் விற்பதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழந்தையின் அறையில் ஓர் உயிரை வைக்கிறோம் என்றால், அது அங்கே வாழ முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

அடுத்த கடையில் நானோ தொட்டிகள். ஐந்தாறு லிட்டர், நீல எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜரில் ஓடும் குட்டி மோட்டார், பின்பக்கம் கார்ட்டூன் படம். குழந்தைகள் அறைக்கு என்றே செய்தவை. சின்னதாக இருந்தால் பார்த்துக்கொள்வது சுலபம் என்று பெற்றோர் நினைத்து இவற்றை எடுக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஏழு வயதுப் பையன் பாசத்தில் ஒரு சிட்டிகை தீனி கூடுதலாகப் போடத்தான் போவான். அந்தச் சிட்டிகை ஆறு லிட்டரில் அழுகினால் ஒரே இரவில் தண்ணீர் கெடும். ஐம்பது லிட்டரில் அழுகினால் அடுத்த ஞாயிறு தண்ணீர் மாற்றும் வரை தாங்கும். மதிய வெயிலில் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடேறும், இரவில் சீக்கிரம் ஆறும். மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். முதல் தொட்டி வாங்குகிறவர்கள் அறையும் கையிருப்பும் அனுமதிக்கிற அளவுக்குப் பெரிதாக வாங்குவதே நல்லது.

எங்கள் கணக்கில் அது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இரண்டு கன அடி என்றால் 56 லிட்டர் சொச்சம். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் விட்டு நிரப்பினால் 50 லிட்டர் நிற்கும். அதற்கு மேல் போனால் மாடி அறையில் எடை ஒரு கேள்வி ஆகிவிடும். தண்ணீர், கண்ணாடி, அடியில் போடும் மணல் எல்லாம் சேர்ந்து இதுவே 70 கிலோவுக்குப் பக்கம் வரும். பிளாஸ்டிக் மேசை, சுவரில் அடித்த பலகை எல்லாம் இதற்குத் தாங்காது.

தொட்டியைக் கடையில் எடுக்காமல், ஒட்டுகிற இடத்துக்கே போனோம். பிரதான சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரு ஷெட். மேசை மேல் பழைய கம்பளி விரித்து 5 எம்எம் கண்ணாடிப் பலகையைக் கிடத்தியிருந்தார்கள். அளவு கேட்டவர் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மரச் சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். கிரீச்சென்று ஒரு சத்தம், கண்ணாடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. பலகையை மேசை விளிம்புக்கு நகர்த்தி இரண்டு கையாலும் லேசாக அழுத்தினார். கோட்டின் மேலேயே பிரிந்து வந்தது. வெட்டின விளிம்புகளைச் சாணைக் கல்லில் தேய்த்த பிறகுதான் பிள்ளைகளைக் கிட்டே வரவிட்டார். "அத்தை, இது இப்ப வெட்டாதா?" என்று பெரியவள் கேட்டாள். அவர் தன் உள்ளங்கையையே அந்த விளிம்பில் ஓட்டிக் காட்டினார். குழந்தைகள் அறைக்கு வாங்கும் தொட்டியில் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மேல் விளிம்பைத் தேய்க்காமல் விற்கிற தொட்டிகள் மலிவாகக் கிடைக்கும். மீனைப் பார்க்க எக்குகிற கை முதலில் பிடிப்பது அந்த விளிம்பைத்தான்.

ஒட்டுவதற்கு சிலிகான். அடிப்பலகையைச் சுற்றி நான்கு பக்கமும் நிறுத்தி, வெளியே டேப் போட்டுப் பிடித்து, உள்மூலைகளில் பசையை இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிட்டார். ஷெட் முழுக்க ஒரு புளிப்பு நெடி. "அத்தை, ஃபாஸ்ட் ஃபுட் கடை வாசனை வருது" என்றான் சின்னவன். சரியாகத்தான் சொன்னான். அது வினிகர் நெடி. இந்த வகை சிலிகான், காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்து இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். நெடி முழுதும் போன பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். குளியலறைக்கு என்று விற்கும் சிலிகானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். மீன் தொட்டிக்கு அது கூடாது. அவரிடம் அதைக் கேட்டேன். கேட்டது அவருக்குப் பிடித்திருந்தது, டியூபையே எடுத்துக் காட்டினார்.

நாங்கள் எடுத்தது அதே அளவில் முன்பே ஒட்டிக் காய்ந்திருந்த ஒன்று. தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஓர் இரவு முழுக்க நிறுத்தியிருந்தார். தாளில் ஈரம் இல்லை. மேலே ஒரு மூடியும் சொன்னோம். மூடி இல்லாத தொட்டியிலிருந்து மீன் துள்ளி வெளியே விழும், ஃபைட்டர் மீன் கட்டாயம் துள்ளும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீனைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதில்லை.

தொட்டி ஒட்டியவருடைய அண்ணன் பக்கத்திலேயே மீன் கடை வைத்திருந்தார். அந்த மனிதரிடம்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். மீன் எதுவும் இன்றைக்கு வேண்டாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதும்மா. தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல எடுத்துட்டுப் போறவங்ககிட்ட நான் எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாங்க. தண்ணி பழகணும். தண்ணி பழகாம மீனை விட்டா நிக்காது."

தண்ணீர் பழகுவது என்று கொளத்தூரில் சொல்வதைத்தான் நான் கரும்பலகையில் நைட்ரஜன் சுழற்சி என்று எழுதிப் போடுகிறேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். அது மீனின் செவுளை எரிக்கும் நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை அது தடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அதனால்தான் பளபளவென்று தெளிந்த தண்ணீரில் புது மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியா எவ்வளவு கொடியது என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. பிஎச் 7இல் இருந்து 8க்குப் போனால் அதன் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும். திருவள்ளூர் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற கடினத் தண்ணீர். குளிர் நாடுகளில் எழுதின கையேடுகளில் இந்த எச்சரிக்கை ஓரமாகத்தான் இருக்கும். நமக்கு இதுதான் முதல் பாடம். அதே வெப்பத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது: பாக்டீரியா சீக்கிரம் பெருகும், ஹீட்டர் வாங்கும் செலவும் இல்லை.

அந்தக் கடைக்காரர் எங்களுக்கு ஓர் உபகாரம் செய்தார். நாங்கள் வாங்கிய புது ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தன் பெரிய தொட்டியில் போட்டுவிட்டு, அங்கே மாதக்கணக்கில் ஓடிய பழைய ஸ்பாஞ்சை எடுத்துக் கொடுத்தார். பழுப்பேறி, தொட்டால் வழவழவென்று இருந்தது. "இந்த அழுக்குலதான் உயிர் இருக்கு. பைப்புத் தண்ணில கழுவிடாதீங்க, குளோரின் பட்டா எல்லாம் போயிடும். தொட்டித் தண்ணியை மக்குல எடுத்து அதுல பிழிங்க. காயவும் விடாதீங்க." அந்தத் தொட்டியில் இதுவரை நோய் எதுவும் வந்ததில்லையே என்று கேட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரோடு கவரில் கட்டி வாங்கினேன்.

பெரிய பவர் ஃபில்டரையும் காட்டினார், ஆனால் அதை எடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். அது இழுக்கிற வேகத்துக்குச் சின்ன மீன்கள் ஈடுகொடுக்காது. பிளாஸ்டிக் செடிக்குப் பதிலாக வாலிஸ்நேரியா ஒரு கட்டும், ஜாவா மாஸ் ஒரு கைப்பிடியும் வாங்கினோம். செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக எடுத்துக்கொள்ளும். சின்னவனுக்கு வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை பிடித்துப்போனது. அதையும் வாங்கிக் கொடுத்தேன். தொட்டி அவனுடையதும் தானே.

கிளம்பும்போது அடுத்த கடையில் ஒருவர், சுவரில் வாயை ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு மீனைக் காட்டி, "டாங்க் கிளீனர், ஒண்ணு போட்டா தொட்டி கழுவவே வேணாம்" என்றார். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கெளுத்தி, விரல் அளவில் விற்கப்படுகிறது. ஓரடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. அப்போது வீட்டுக்காரர்கள் அதைக் கொல்ல மனமில்லாமல் பக்கத்து ஏரியில் விடுகிறார்கள். அதன் மேல் கவசம் போன்ற தகடுகள், துடுப்பில் முள். நம் நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. வலையில் அது மட்டுமே நிறைகிற நாட்களில் அவர்களுக்கு வருமானமே இல்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி கொளத்தூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். தொட்டியில் வளர்த்த எந்த மீனையும், எந்தச் செடியையும் ஏரியிலோ கிணற்றிலோ விடக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் அந்த இடத்திலேயே சொன்னேன். பெரியவள் அந்த மீனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் குறைவு. தொட்டியைத் தெர்மாகோலும் பழைய பேப்பரும் சுற்றி இருக்கைகளுக்கு நடுவே இறக்கி வைத்தோம். எதிரே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா விசாரித்தார்.

"மீன் எங்கம்மா? வெறும் தொட்டியா தூக்கிட்டுப் போறீங்க?"

"மீனு அடுத்த மாசம்தான் பாட்டி. தண்ணி பழகணும்" என்றாள் பெரியவள்.

அதைக் கேட்டபோது எனக்கு வந்த வேலையில் பாதி முடிந்தது என்று தோன்றியது.

அறையில் தொட்டியை வைக்கும் இடத்துக்கு அண்ணனோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. ஜன்னலோரம் வைத்தால் அழகு என்றார் அவர். வெயில் நேராகப் பட்டால் பாசி பச்சையாகப் படியும், தண்ணீர் கொதிக்கும். கட்டிலின் தலைமாட்டிலும் வேண்டாம், ஏர் மோட்டாரின் இரைச்சல் இரவில் பெரிதாகக் கேட்கும். கடைசியில் உள்சுவரை ஒட்டி, பழைய தேக்கு மேசை மேல், சின்னவனின் கண் மட்டத்துக்கு வைத்தோம். அடியில் ஒரு தெர்மாகோல் தகடு, கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டோம். கீழே வைத்தால் மின்சாரம் போகும் நேரத்தில் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கி மோட்டாருக்குள் போகும். எந்த ஒயரும் பிளக்குக்கு நேராக இறங்காமல், கீழே ஒரு வளைவு எடுத்து மேலே ஏறிப் பிளக்கில் சேரும்படி விட்டோம். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழந்தைகள் தூங்கும் அறை என்பதால் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மற்ற எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யக் கூடாது. தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது அறையின் சட்டம். விளக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரம் போதும். பிள்ளைகள் படுக்கும்போது தொட்டிக்கும் இருட்டு வேண்டும்.

பிறகு காத்திருப்பு. தினமும் சின்னவன் வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை தீனி போட்டான். அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். வாரத்தில் இரண்டு மூன்று முறை பெரியவள் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதினாள். மஞ்சளாக இருந்தது பச்சையானது, அம்மோனியா. பச்சை மங்கத் தொடங்கியபோது நைட்ரைட்டுக் குழாய் ஊதாவாக மாறியது. பிறகு அதுவும் நீலத்துக்குத் தெளிந்தது. பள்ளியில் படம் வரைந்து மறந்துபோகிற பாடம், அந்த அறையில் அவள் எழுதும் மேசைக்கு இரண்டடி தள்ளி நடந்துகொண்டிருந்தது. வந்த விருந்தாளிகள் எல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். நோட்டை எடுத்துக் காட்டினாள்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு வந்து, அப்படியே நின்ற பிறகு செங்குன்றம் கிளம்பினோம். கொளத்தூர்க் கடைக்காரர் எழுதிக் கொடுத்த முகவரி. திருவள்ளூரிலிருந்து தாமரைப்பாக்கம் வழியாகப் போகும் பஸ். இரு பக்கமும் வயல், செங்கல் சூளை, அரிசி ஆலைகள். மீன் பண்ணை என்று பலகை எதுவும் இல்லை. தென்னைகளுக்கு நடுவே வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், அதற்குப் பின்னால் மண் குளங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மீன்கொத்திக்கும் கொக்குக்கும் பயந்து கட்டிய நைலான் வலை.

பண்ணையை நடத்தும் அக்கா, மோட்டார் கொட்டகை நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கப்பி மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். முன்னால் வெள்ளைப் பேசின். சின்ன வலையில் ஒரு வீசு வீசிப் பேசினில் கவிழ்ப்பார். வெள்ளையில் நிறம் துலக்கமாகத் தெரியும். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, வால் மட்டும் விசிறியாக விரிந்து, நீலமும் சிவப்புமாக மின்னுவது ஆண். மங்கிய சாம்பலில், வயிறு பெருத்து, வாலடியில் கரும்புள்ளியோடு இருப்பது பெண். அவர் பார்ப்பதுகூட இல்லை என்று தோன்றும் வேகத்தில் விரல்கள் இடமும் வலமும் பிரித்துத் தள்ளின.

கப்பி திரினிடாட், வெனிசுவேலா பக்கத்து ஓடைகளின் மீன். கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காக நம் ஊர்க் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் எப்போதோ வந்துவிட்டது. கடினத் தண்ணீரைப் பொறுக்கும், சூட்டைப் பொறுக்கும். கடையில் பார்த்த நியான் டெட்ராதான் பெரியவளின் மனதில் இருந்தது. அமேசான் காட்டின் மென்மையான தண்ணீரில் பிறந்த மீன் அது. எங்கள் போர் தண்ணீரில் முதல் முயற்சியாக அதை வைக்க எனக்கு மனமில்லை. கங்கைச் சமவெளியின் ஓடை மீனான ஜீப்ராவும் நல்ல தேர்வு. ஆனால் அது ஓயாமல் ஓடும், இன்னும் நீளத் தொட்டி இருந்தால் அதற்குச் சந்தோஷம். பக்கத்துப் பண்ணையில், நம் தண்ணீரைப் போன்ற தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீனை வாங்குவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது: அது வரும்போதே பழகி வருகிறது. ஊசி போட்டுச் சாயம் ஏற்றின மீன்களைப் பற்றியும் அந்த அக்காவிடம் கேட்டேன். நம் நாட்டுக் கண்ணாடி மீன் அந்தக் கொடுமைக்குப் பல காலம் பலியானது. முகத்தைச் சுளித்து, "அதெல்லாம் தொட மாட்டேம்மா" என்றார்.

தலைகீழாகக் கட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில், உப்புத் தண்ணீரில் காற்று குமிழிட்டுக்கொண்டிருந்தது. அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதந்தது. ஆர்ட்டீமியா. காப்பித் தூள் போல டப்பாவில் வருகிற முட்டை ஒரு நாளில் பொரிந்து, குஞ்சு மீனுக்கு உயிருள்ள தீனி ஆகிறது. சின்னவன் அந்தப் பாட்டிலை விட்டு நகரவே இல்லை.

"எத்தனை லிட்டர் தொட்டி?" என்று அக்கா கேட்டார். பெரியவள் நோட்டைத் திறந்து ஐம்பது என்று சொல்லி, பரிசோதனைக் கணக்கையும் காட்டினாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "எட்டு ஆண் மீன் எடுத்துக்கோ கண்ணு. அதுக்கு மேல இப்ப வேணாம். ஆண் மட்டும்னா பெருகாது, உனக்கும் தொல்லை இல்ல."

"குட்டி போடுறதைப் பாக்கணும். ஒரே ஒரு பெண் மீன் குடுங்க" என்றாள் இவள்.

"எட்டு ஆணுக்கு நடுவுல ஒத்தைப் பெண்ணை விட்டா அதை நிம்மதியா இருக்க விடாதுங்க. துரத்தித் துரத்தியே சாகடிச்சிடும். ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பெண்ணாவது வேணும். அப்படி வெச்சா மாசா மாசம் குட்டி. ஒவ்வொண்ணும் இருபது, முப்பது போடும். உன் தொட்டி எத்தனை மாசம் தாங்கும், நீயே கணக்குப் போடு."

அவள் நிஜமாகவே போட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், முப்பதை மூன்றால் பெருக்கி, அடுத்த மாதத்துக்குக் கூட்டி, நடுவில் நிறுத்திவிட்டாள். கணக்கில் அவள் இன்னும் சேர்க்காத ஒன்றையும் அக்கா சொன்னார்: ஆணைப் பிரித்துவிட்டாலும், ஒரு முறை சேர்ந்த பெண் கப்பி மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

எட்டு ஆண்களையும், முந்தின நாளிலிருந்தே தீனி போடாமல் தனியாக வைத்திருந்த மீன்களிலிருந்து எடுத்தார். வயிறு காலியாக இருந்தால் வழியில் கவர் தண்ணீர் கெடாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன், இரட்டைக் கவர், மேலே செய்தித்தாள். வீட்டுக்குப் போனதும் தொட்டியில் கவரை அப்படியே கால் மணி நேரம் மிதக்க விட வேண்டும், பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும், கவர் தண்ணீரை ஊற்றக் கூடாது, இன்றைக்குத் தீனியும் விளக்கும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஞாயிறுதோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள் என்றார். தீனி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. அதைச் சின்னவனைப் பார்த்துச் சொன்னார்.

பெரியவள் முகம் இன்னும் வாடித்தான் இருந்தது. அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். சிமெண்டுத் தொட்டி ஒன்றின் ஓரத்தில் தனியாகக் கட்டியிருந்த வலைக் கூண்டைக் காட்டினார். அதில் வயிறு சதுரமாகப் பெருத்த பெண் மீன்கள். "இதெல்லாம் இன்னும் ரெண்டு மூணு நாள்ல போடும். எனக்கு எப்பவும் நாலு அஞ்சு இப்படி இருக்கும். காலாண்டு லீவு விட்டதும் காலைலயே வந்துடு. பெரும்பாலும் விடியக்காலைலதான் போடும், பாத்துட்டுப் போலாம்."

"தம்பியையும் கூட்டிட்டு வரலாமா?"

"வா. வரும்போது உன் தொட்டித் தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டு வா, என் தண்ணியோட வெச்சுப் பாப்போம். நோட்டையும் மறக்காத."